சொல் செய்த வேலையைக் காட்சி எப்படிச் செய்யும்?

புகழ்பெற்ற அறிவியல் புனைகதை நாவல் ஒன்று திரைப்படமாகப் போகிறது என்ற செய்தி வந்ததுமே, அதில் வரும் விண்கலங்களையும் வேற்றுலக உயிர்களையும் எப்படிக் காட்டப்போகிறார்கள் என்ற கேள்விதான் பெரும்பாலானோருக்கு முதலில் எழுகிறது. அந்தக் கேள்வி இயல்பானதே. ஆனால் காட்டுகிற வேலையைச் சினிமா தன் குழந்தைப் பருவத்திலேயே தொடங்கிவிட்டது. பீரங்கியால் சுடப்பட்ட பெரிய குண்டுக்குள் அமர்ந்து மனிதர்கள் நிலவுக்குப் போவதை பிரெஞ்சு இயக்குநர் ஜார்ஜ் மெலியே 1902-ஆம் ஆண்டிலேயே படமாக்கினார். பணமும் காலமும் கைத்திறனும் கூடிவந்தால் எந்த விண்கலத்தையும் திரையில் நிறுத்திவிடலாம். நாவலைப் படமாக்குகிறவர்களை உண்மையில் திணறவைப்பது வேறொன்று: நாவலில் சொற்கள் செய்துகொண்டிருந்த வேலையைப் படத்தில் எது செய்யப்போகிறது?

ஓர் ஊடகத்தில் பிறந்த படைப்பை வேறோர் ஊடகத்துக்குக் கொண்டுசெல்வதைத் தழுவல் என்கிறோம். எந்த நாவலைத் தழுவுவதும் கடினம்தான் என்றாலும் அறிவியல் புனைகதைக்கென்று தனிச் சிக்கல் உண்டு. ஒரு குடும்பக் கதையில் வீடு, திருமணம், கடன் என்று எழுதினால், அவை எப்படிப்பட்டவை என்பது வாசகருக்கு முன்பே தெரியும். அறிவியல் புனைகதையிலோ அந்த உலகத்தின் விதிகளே புதியவை. ஆசிரியர் ஒரு புதுச் சொல்லை விளக்காமல் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். பத்துப் பக்கம் தாண்டி அதே சொல் வேறொரு சூழலில் வரும்போது வாசகர் தாமாகவே அதன் பொருளை ஊகித்துக்கொள்வார். அப்படி ஊகித்து ஊகித்து ஓர் உலகத்தைத் தன் மனத்துக்குள் கட்டி எழுப்புவதுதான் இவ்வகை நாவல்களைப் படிப்பதில் கிடைக்கும் பெரிய இன்பம். கேமரா இதற்கு நேர்மாறானது. ஒரு பொருளின் தோற்றத்தை அது ஒரே நொடியில் முழுவதுமாகக் காட்டிவிடும்; ஆனால் அந்தப் பொருளுக்கு அந்த உலகத்தில் என்ன மதிப்பு, அது எந்த விதிக்குக் கட்டுப்பட்டது என்பதைக் கேமராவால் தானாகச் சொல்ல முடியாது.

ஃபிராங்க் ஹெர்பர்ட் எழுதி 1965-இல் நூலாக வெளிவந்த ‘டியூன்’ நாவலை எடுத்துக்கொள்வோம். அராக்கிஸ் என்னும் பாலைவனக் கோளில் கதை நடக்கிறது. முடிவில்லாத மணல்வெளியைத் திரையில் காட்ட ஒரு ஷாட் போதும். ஆனால் அங்கே தண்ணீர் உயிரைப் போன்றது என்பதை எந்த மணல்வெளியும் சொல்லாது. நாவலில் அதைச் சொல்வது ஒரு சிறு நிகழ்ச்சி. பாலைவன மக்களின் தலைவர் ஒருவர், புதிதாக ஆட்சிக்கு வந்திருக்கும் பிரபுவைப் பார்க்க வருகிறார். வந்தவர் மேசைமீது எச்சில் துப்புகிறார். சுற்றியிருப்பவர்கள் கொதித்தெழுகிறார்கள். அந்த மக்களோடு பழகிய வீரன் ஒருவன் மட்டும், தன் உடலின் ஈரத்தைப் பரிசாகத் தந்ததற்கு அவருக்கு நன்றி சொல்கிறான். அவமதிப்பாகத் தெரிந்தது மரியாதையாக மாறிவிடும் அந்தக் கணத்தில், அந்தக் கோளின் பொருளாதாரம், பண்பாடு, வறட்சி ஆகிய மூன்றும் வாசகருக்குப் புரிந்துவிடுகின்றன. 2021-இல் டெனி வில்நெவ் எடுத்த படத்திலும் இந்தக் காட்சி ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. காரணம் எளிது: ஹெர்பர்ட் அதை விளக்கமாக எழுதவில்லை, செயலாக எழுதியிருந்தார். செயல் கண்ணுக்குத் தெரியும். அதனால் பக்கத்திலிருந்து திரைக்குத் தாண்டி வரும்.

தாண்டி வராதது மனத்துக்குள் நடப்பது. அதே நாவலின் தொடக்கத்தில், அந்தப் பிரபுவின் மகனான பதினைந்து வயதுச் சிறுவன் பால் ஒரு பெட்டிக்குள் கையை விட்டுச் சோதிக்கப்படுகிறான். கையை வெளியே எடுத்தால் கழுத்தருகே நீட்டிய நச்சூசி பாயும்; உள்ளேயே வைத்திருந்தால் தாங்க முடியாத வலி. இந்தச் சோதனை முழுவதும் அவன் மனத்துக்குள்ளேயே நடக்கிறது: வலி ஏறுவது, சதை கருகுவதாகத் தோன்றுவது, அச்சத்தை அடக்கத் தாய் கற்றுக்கொடுத்த மந்திரத்தை அவன் உள்ளுக்குள் சொல்லிக்கொள்வது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு சிறுவன் ஒரு பெட்டியின் முன் அசையாமல் இருக்கிறான், அவ்வளவுதான். 1984-இல் இந்த நாவலைப் படமாக்கிய டேவிட் லிஞ்ச், கதாபாத்திரங்களின் எண்ணங்களைக் கிசுகிசுப்பான பின்னணிக் குரலாகவே ஒலிக்கவிட்டார். பாலின் மந்திரமும் அப்படித்தான் நம் காதில் விழுகிறது. நாவலுக்கு நேர்மையான வழி அது. ஆனால் படம் நெடுகிலும் ஒவ்வொருவரும் உள்ளுக்குள் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும்போது, முகங்கள் தாமாகப் பேச வேண்டிய இடத்திலும் குரல் குறுக்கிட்டுவிடுகிறது. வில்நெவ் அந்த மந்திரத்தை மகனின் மனத்திலிருந்து எடுத்து, கதவுக்கு வெளியே நின்று நடுங்கும் தாயின் உதட்டில் வைத்தார். உள்ளே மகன் வலியால் துடிக்கிறான். வெளியே தாய் அச்சத்தை வெல்லும் சொற்களை அச்சத்தோடு முணுமுணுக்கிறாள். ஒருவர் மனத்துக்குள் இருந்த போராட்டம் இருவருக்கிடையே பகிரப்பட்டதால், அது காதால் கேட்கவும் கண்ணால் பார்க்கவும் கூடியதாகிவிட்டது. தழுவல் என்ற கலை என்னவென்று புதிதாகக் கற்க விரும்பும் ஒருவருக்கு நான் முதலில் காட்ட விரும்புவது இந்த ஓர் இடமாற்றத்தைத்தான்.

எல்லாவற்றையும் இப்படி இடம் மாற்றிவிட முடியாது. நாவலில் பிரபுவின் மாளிகையில் ஒரு நீண்ட விருந்து நடக்கிறது. பேசப்படும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடியில் இருக்கும் பகையையும் பேரத்தையும் அச்சத்தையும் விருந்தினரின் எண்ணங்கள் வழியாகவே ஹெர்பர்ட் விரிக்கிறார். 1984 படத்திலும் சரி, 2021 படத்திலும் சரி, அந்த விருந்து இல்லை. நாவலை நேசிக்கும் பலருக்கு இது வருத்தம்தான், எனக்கும்தான். ஆனால் எண்ணங்களை நீக்கிவிட்டால் எஞ்சுவது பலர் அமர்ந்து உண்ணும் ஒரு மேசை மட்டுமே என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்தது நேரக் கணக்கு. திரைக்கதை எழுதுவோரிடையே, ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடம் என்ற கைக்கணக்கு உண்டு. இரண்டு மணி நேரப் படத்துக்குச் சுமார் 120 பக்கம். அதுவும் இடம்விட்டுத் தட்டச்சு செய்த பக்கம். நெருக்கமாக அச்சான பல நூறு பக்க நாவலை அதற்குள் அடக்குவது எப்படி என்பதை எண்ணிப் பாருங்கள். லிஞ்ச்சின் படம் 137 நிமிடம். நாவலின் இறுதியில் அருஞ்சொல் விளக்கம் இணைக்கப்பட்டிருப்பதைப் போலவே, அந்தப் படம் வெளியானபோது சில திரையரங்குகளில் பார்வையாளர்களுக்கும் சொற்பொருள் தாள் கொடுத்தார்கள். நூலில் பக்கத்தைப் புரட்டிப் பொருள் தேடிவிட்டு மீண்டும் கதைக்குத் திரும்பலாம். இருட்டில் ஓடும் படத்தை அப்படி நிறுத்த முடியாது என்பதால் அந்தத் தாள் சிக்கலைத் தீர்க்கவில்லை, வெளிச்சம் போட்டுக் காட்டியது. வில்நெவ் அதே நாவலை 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் இரு படங்களாகப் பிரித்து, 155 நிமிடமும் 166 நிமிடமுமாக, ஐந்து மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டார். அப்போதும் நாவலில் ஆண்டுகளாக நீளும் காலத்தைச் சில மாதங்களாகச் சுருக்க வேண்டியிருந்தது. அந்தச் சுருக்கத்தால், நாவலில் முதியவரைப் போலப் பேசும் குழந்தையாக வரும் பாலின் தங்கை, படத்தில் பிறக்கவே இல்லை. தாயின் வயிற்றிலிருந்தபடியே கதையில் பங்கேற்கிறாள். ‘குழந்தை’ என்ற சொல்லை வாசிக்கும்போது, பெரியவர் மனத்தோடு பேசும் குழந்தையை நாம் எளிதில் ஏற்றுக்கொள்கிறோம். திரையில் ஓர் உண்மையான குழந்தையின் முகத்திலிருந்து அந்தப் பேச்சு வரும்போது நம்பிக்கை தடுமாறுகிறது. சொல் தாங்கும் பாரத்தை எல்லா இடங்களிலும் முகம் தாங்காது.

எதை விடுவது என்ற கேள்விக்கு வேறொரு விடையும் உண்டு: ஏறக்குறைய எல்லாவற்றையும் விட்டுவிட்டு, நாவலின் மையக் கேள்வியை மட்டும் எடுத்துச் செல்வது. ஃபிலிப் கே. டிக் 1968-இல் எழுதிய நாவலிலிருந்து ரிட்லி ஸ்காட் 1982-இல் எடுத்த ‘பிளேட் ரன்னர்’ அப்படிப்பட்டது. செயற்கை மனிதர்களை வேட்டையாடுவதே நாவலின் நாயகனுக்கு வேலை. அவனுக்கு மனைவி இருக்கிறாள். வீட்டு மாடியில் மின்சார ஆடு ஒன்று இருக்கிறது. விலங்கினங்கள் பெரும்பாலும் அழிந்துபோன அந்த உலகில் உயிருள்ள விலங்கு ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்பதே அவனுடைய ஏக்கம். பிறரின் துன்பத்தைப் பகிர்ந்துகொள்ள மக்கள் ஒரு கருவியைப் பிடித்துக்கொண்டு வழிபடும் ஒரு மதமும் அதில் உண்டு. படத்தில் மனைவி இல்லை, ஆடு இல்லை, மதம் இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கதை லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மாறிவிட்டது. எஞ்சியிருப்பது, பிறர் துன்பத்தை உணர முடிவதுதான் மனிதனை மனிதனாக்குகிறதா என்ற கேள்வி மட்டுமே. அந்தக் கேள்வியைத் தாங்குவதற்குப் படம் தேர்ந்தெடுத்த பொருள் கண். தொடக்கத்திலேயே திரை முழுவதும் ஒரு கண் நிறைகிறது. மனிதனையும் செயற்கை மனிதனையும் பிரித்தறியும் சோதனை கண்ணின் அசைவைத்தான் அளக்கிறது. நாவலில் ஒரு மதமும் ஓர் ஆடும் செய்த வேலையை ஒரு கருவிழி செய்கிறது. இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. கதை புரியாமல் போய்விடுமோ என்ற அச்சத்தில், 1982-இல் வெளியான வடிவத்தில் நாயகனின் பின்னணிக் குரல் சேர்க்கப்பட்டிருந்தது. 1992-இல் வெளியான இயக்குநர் வடிவத்தில் அதை நீக்கிவிட்டார்கள், யாரும் தொலைந்துபோகவில்லை.

விளக்கம் வேண்டுமா, மௌனம் போதுமா என்பதை அருகருகே வைத்துப் பார்க்க ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’யைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. வழக்கமான பொருளில் அது நாவலின் தழுவல் அன்று. ஆர்தர் சி. கிளார்க்கும் ஸ்டான்லி குப்ரிக்கும், கிளார்க்கின் பழைய சிறுகதை ஒன்றை விதையாகக் கொண்டு, நாவலையும் படத்தையும் ஒரே காலத்தில் வளர்த்தார்கள். இரண்டும் 1968-இல் வந்தன. ஒரே கதை இரண்டு ஊடகங்களில் எப்படி வேறு வேறு உடல் பெறுகிறது என்பதற்கு இது கிட்டத்தட்ட ஆய்வகச் சோதனை போன்றது. முதல் பகுதியில், மனிதனுக்கு முன்னோரான வாலில்லாக் குரங்குகளின் நடுவே ஒரு கருந்தூண் தோன்றுகிறது. நாவலில் அந்தக் குரங்குகளில் ஒன்றுக்குப் பெயர் உண்டு. கருந்தூண் அதன் மூளைக்குள் புகுந்து துழாவுவதையும், அதைப் பழக்குவதையும் கிளார்க் தெளிவாகச் சொல்கிறார். படத்தில் பெயரும் இல்லை, விளக்கமும் இல்லை. ஒரு குரங்கு எலும்புக் குவியலின் அருகே குந்தியிருக்கிறது. தலையைச் சற்றே சாய்த்து எலும்புகளைப் பார்க்கிறது. சட்டென்று ஒரு கணம் மட்டும் கருந்தூண் திரையில் தோன்றி மறைகிறது. பிறகு அந்தக் கை ஓர் எலும்பை எடுத்து, முதலில் விளையாட்டாகவும் பின்னர் வெறியோடும் மற்ற எலும்புகளை அடித்து நொறுக்குகிறது. நாவல் பல பக்கங்களில் சொன்னதைப் படம் ஒரு கணம் மின்னி மறையும் ஒரே ஒரு வெட்டில் சொல்லிவிடுகிறது. முதலில் படத்துக்கும் விளக்கவுரை திட்டமிடப்பட்டிருந்தது. குப்ரிக் அதை விட்டுவிட்டார். படத்தின் முதல் 25 நிமிடத்தில், ஏறத்தாழ, ஒரு வசனம்கூட இல்லை. இரண்டில் எது சிறந்தது என்று கேட்பது பயனற்றது என்றே நினைக்கிறேன். நாவல் நமக்குத் தருவது புரிதல். படம் தருவது, புரியாத ஒன்றின் முன் நிற்கும் திகைப்பு. விண்கலம் போய்ச் சேரும் இடம் நாவலில் சனிக் கோள், படத்தில் வியாழன் என்று மாறியதற்குக் காரணம் மட்டும் மிகச் சாதாரணமானது: சனியின் வளையங்களை நம்பும்படியாகப் படமாக்க அன்றைய நுட்பம் கைகொடுக்கவில்லை.

பழைய நாவல் என்பதாலேயே வரும் தொல்லைகளும் உண்டு. எச். ஜி. வெல்ஸ் ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ நாவலை 1898-இல் வெளியிட்டபோது, செவ்வாய்க் கோளில் அறிவுள்ள உயிர்கள் இருக்கக்கூடும் என்று படித்தவர்களே நம்பினார்கள். 1965-இல் மரைனர் 4 விண்கலம் அருகே பறந்து எடுத்த படங்களில் தெரிந்தது பள்ளங்கள் நிறைந்த வெறுமையான தரை. அதன்பிறகு செவ்வாயிலிருந்து படையெடுப்பு வருவதாகப் படம் எடுப்பது எப்படி? ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 2005-இல் எடுத்த தழுவலில் வேற்றுலகத்தார் எங்கிருந்து வருகிறார்கள் என்றே சொல்லப்படவில்லை. அவர்களுடைய இயந்திரங்கள் முன்பே நம் மண்ணுக்கு அடியில் புதைந்து கிடந்தவையாகக் காட்டப்படுகின்றன. அறிவியல் முரண் இவ்வாறு நீங்கிவிட்டது.

ஆனால் காலம் மாறும்போது உதிர்வது அறிவியல் விவரம் மட்டுமன்று. வெல்ஸ் தம் கதையை உலகின் மிகப் பெரிய பேரரசின் நடுவில், லண்டனுக்கு அருகில் தாம் வாழ்ந்த வோக்கிங் பகுதியில் நிகழவைத்தார். முதல் அத்தியாயத்திலேயே, செவ்வாய்க்காரர்களைக் கொடியவர்கள் என்று தீர்ப்புச் சொல்லும் முன், ஐரோப்பியக் குடியேறிகள் டாஸ்மேனியத் தீவின் பூர்வகுடி மக்களை அழித்ததை நினைத்துப் பாருங்கள் என்று அவர் தம் நாட்டு வாசகரைக் கேட்கிறார். அடிமைப்படுத்துகிறவர்கள் ஒருநாள் அடிமைப்படுத்தப்பட்டால் எப்படி இருக்கும் என்பதே அந்த நாவலின் உயிர். 1953 படம் கதையைக் கலிஃபோர்னியாவுக்கும், 2005 படம் நியூ ஜெர்சிக்கும் கொண்டுபோயின. இரண்டிலும் அச்சம் இருக்கிறது, அழிவு இருக்கிறது, கடைசியில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வந்து காப்பாற்றுவதும் இருக்கிறது; அந்தக் குற்றவுணர்வு மட்டும் இல்லை. ஒவ்வொரு தலைமுறைக்கும் தன் அச்சத்தை இந்தக் கதைக்குள் வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்பதை ஏற்கிறேன். ஆயினும், கதை தன் வாசகரை நோக்கி நீட்டிய விரலைத் தழுவல்கள் மடக்கிவிட்டன என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது. நாவலின் நிகழ்ச்சிகள் எல்லாம் அப்படியே இருந்தும் அதன் நோக்கம் தவறிவிட முடியும் என்பதை இதில் காணலாம்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்று, செவ்வியல் நாவல்களின் கற்பனைகள் ஏற்கெனவே பலமுறை கடன் வாங்கப்பட்டிருக்கும் என்பது. எட்கர் ரைஸ் பரோஸ் 1912-இல் தொடராக எழுதிய செவ்வாய்க் கதை, நூறு ஆண்டுகள் கழித்து 2012-இல் ‘ஜான் கார்ட்டர்’ என்ற பெரிய படமாக வந்தபோது, அதிலிருந்து பிறந்த படங்களையெல்லாம் பார்த்துவிட்டிருந்த பார்வையாளர் பலருக்கு மூலமே நகலாகத் தோன்றியது.

மூலத்துக்கு உண்மையாக இருப்பது என்றால் என்ன என்ற கேள்வியை மிகக் கூர்மையாக எழுப்பியது ‘சோலாரிஸ்’. போலந்து எழுத்தாளர் ஸ்தனிஸ்லாவ் லெம் 1961-இல் எழுதிய அந்த நாவலில், ஒரு கோளை மூடியிருக்கும் கடலே ஓர் உயிர். மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக அதை ஆராய்கிறார்கள்; அதன் மேற்பரப்பில் எழுந்து அடங்கும் மாபெரும் வடிவங்களுக்குப் பெயர் வைக்கிறார்கள்; நூலகங்கள் நிரம்புகின்றன; ஒன்றும் புரிவதில்லை. அந்த ஆராய்ச்சி வரலாற்றுக்கே லெம் பக்கம் பக்கமாக இடம் கொடுக்கிறார், ஏனென்றால் மனித அறிவால் தொடவே முடியாத ஒன்று உண்டு என்பதே அவர் சொல்ல வந்தது. 1972-இல் ஆந்த்ரேய் தார்க்கோவ்ஸ்கி எடுத்த படம் விண்வெளியில் தொடங்கவில்லை. குளத்து நீரில் அசையும் செடிகள், தந்தையின் வீடு, மழை என்று பூமியிலேயே நெடுநேரம் தங்குகிறது. நாயகனின் இறந்த மனைவியை அந்தக் கடல் மீண்டும் உருவாக்கி அவன்முன் நிறுத்தும் நிகழ்ச்சி நாவலிலும் உண்டு, படத்திலும் உண்டு. நாவலில் அது புரியாமையின் உச்சம். படத்தில் அது ஒருவன் தன் மனச்சாட்சியைச் சந்திக்கும் இடம். லெம் அந்தப் படத்தை ஏற்கவில்லை என்பதைப் பின்னர் வெளிப்படையாகவே சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. படம் பெரும் படைப்பு என்பதும் உண்மை. இந்த இரண்டையும் ஒருசேர ஏற்றுக்கொள்ளப் பழகாதவரை, நாவலைப் போல இல்லை என்ற ஒரே அளவுகோலால் எல்லாத் தழுவல்களையும் அளந்துகொண்டிருப்போம்.

சொற்களைப் பறித்த பிறகும் ஒரு தழுவல் உயிரோடு நிற்க முடியும். மேரி ஷெல்லி 1818-இல் வெளியிட்ட ‘ஃபிராங்கென்ஸ்டைன்’ நாவலில், விஞ்ஞானி உருவாக்கிய உயிர் பேச்சில் வல்லது. சுவரின் இடுக்கு வழியாக ஒரு குடும்பத்தைப் பார்த்துப் பார்த்து மொழி கற்கிறது, ஆங்கிலக் கவிஞர் மில்டனைப் படிக்கிறது, தன்னைப் படைத்தவனிடம் தன் தனிமைக்கு நியாயம் கேட்டு வாதாடுகிறது. ஜேம்ஸ் வேல் 1931-இல் எடுத்த படத்தில் அதற்குப் பேச்சே இல்லை, உறுமல் மட்டுமே. நாவலின் பெரும்பகுதி அத்தோடு போய்விட்டது என்பதில் ஐயமில்லை. ஆயினும் கூரைத் திறப்பு விலகி வெளிச்சம் முதன்முதலாக மேலே விழும்போது, அந்த உயிராக நடித்த போரிஸ் கார்லாஃப் முகத்தை உயர்த்தி இரு கைகளையும் அந்த வெளிச்சத்தைப் பிடிக்க நீட்டுவார். கிடைக்காத ஒன்றுக்காக நீளும் அந்தக் கைகள், நாவலில் அந்த உயிர் வாதாடிக் கேட்ட அதே நியாயத்தைத்தான் கேட்கின்றன.

புத்தகத்தால் முடியாததைப் படம் செய்துகாட்டிய இடமும் ஒன்று உண்டு. நூல்கள் எரிக்கப்படும் உலகத்தைப் பற்றி ரே பிராட்பரி 1953-இல் எழுதிய ‘ஃபாரன்ஹீட் 451’ நாவலை 1966-இல் ஃபிரான்சுவா த்ரூஃபோ படமாக்கினார். படம் தொடங்கும்போது பெயர்கள் திரையில் எழுத்தாக வருவதில்லை. கூரைகளின் மேல் நிற்கும் தொலைக்காட்சி ஆன்டெனாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிய, நடிகர்களின் பெயர்களையும் கலைஞர்களின் பெயர்களையும் ஒரு குரல் படித்துச் சொல்கிறது. வாசிப்பு தடைசெய்யப்பட்ட ஊருக்குள் வந்துவிட்டோம் என்பது விளக்கமே இல்லாமல் நமக்கு உறைக்கிறது; அச்சிட்ட எழுத்தால் ஆன ஒரு புத்தகம் இதை எந்த வழியிலும் செய்ய முடியாது. இறுதியில், ஆளுக்கொரு நூலை மனப்பாடம் செய்து காப்பவர்கள் காட்டில் வாழ்கிறார்கள். நாவலில் அவர்களைப் பற்றி நமக்குப் பெரும்பாலும் எடுத்துச் சொல்லப்படுகிறது. படத்தில் பனி பெய்துகொண்டிருக்கிறது. ஏரிக்கரையில் அவர்கள் முன்னும் பின்னுமாக நடக்கிறார்கள். ஒவ்வொருவரும் தத்தம் நூலைச் சொல்லிக்கொண்டே நம்மைக் கடந்து போக, ஒரு குரல்மீது இன்னொரு குரல் ஏறி, எந்த வரி எந்த நூலுடையது என்று பிரித்தறிய முடியாத முணுமுணுப்பாகக் கலக்கிறது.